நான் உனக்காகத் திரும்பி வரவில்லை

இளங்கோ,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, "நார்வே வேலைய வேணாம்னு மெயில் போட்டுடப் போறேம்மா" என்றாய். கடல்பாசி ஆராய்ச்சியில் மூன்று வருட வேலை. எட்டு மாதமாக நீ காத்திருந்த வேலை. ஏன் என்று கேட்டேன். "அப்பாவும் போயிட்டாரு. நீ தனியா எப்டி இருப்ப?" என்றாய். நான் இருந்துகொள்வேன் என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னாய். "நீ எனக்காக ஏரோப்ளேனையே வுட்டுட்டு வந்தவ. ஒனக்காக நான் ஒரு வேலைய வுடக்கூடாதா?" சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நான் அடுப்பில் இருந்த குழம்பை மறந்து, ஈரக்கையோடு கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. நீ அதையே ஊற்றிச் சாப்பிட்டாய்.

மறுநாள் காலை, மாதிரி எடுக்கும் படகில் நான்கு நாள் பயணமாகக் கிளம்பிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை வருவாய். திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ வரும்போது இந்தக் காகிதங்கள் உன் மேசைமேல் இருக்கும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் என்றால் நீ பாதியிலேயே "சரி வுடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். பதினைந்து வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உனக்காகத் திரும்பி வரவில்லை. அது பொய். அந்தப் பொய்யை நான்தான் சொன்னேன். உன் அப்பாவுக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். எனக்குப் பதினோரு வயதில், ஒரு தேர்தல் சமயம், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. குறிஞ்சிப்பாடியிலிருந்து எங்களையெல்லாம் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரும் மேடையில் பேசிய தலைவரைப் பார்த்தார்கள். நான் ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல நிறத்தில் அழுக்கான முழு உடுப்பு போட்டிருந்தார். ஒரு சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், துணியால் எதையோ துடைத்தார், மாட்டு வைத்தியர் மாட்டைத் தடவிப் பார்ப்பதைப் போல் சுற்றிச் சுற்றி வந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் தலைவர் ஏறினார். கடைசியில் அந்த ஆளும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஹெலிகாப்டர் எழும்பியது. தொட்டுப் பார்த்தவரும் பறக்கிறாரே என்பதுதான் என் மண்டையில் ஏறியது. பறக்கிற வேலைக்கு எங்கே போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பழுது பார்க்கிற வேலைக்குப் படிப்பு இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதன் வழியாக நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். உன் தாத்தா, "டீச்சராவும்னு பாத்தா, ஏரோப்ளேனுக்கு ஆயில் மாத்தப் போறேங்குது" என்று மல்லாட்டை மூட்டை வாங்க வந்த வியாபாரிகளிடமெல்லாம் புலம்பினார். ஆனாலும் சென்னை பஸ்ஸில் என் பெட்டியை ஏற்றிவிட்டவர் அவர்தான்.

உன் அப்பா பெண் பார்க்க வந்தபோது நான் அதை மறைக்கவில்லை. கையில் கிரீஸ் கறை போகாத பெண் வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள், என்றாவது நான் பறக்கவும் போவேன் என்றேன். "எனக்கு ஏணில ஏறுனாலே தல சுத்தும். நீங்க போங்க, நான் கீழ நிக்கிறேன்" என்றார். கணக்கு வாத்தியார், சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார். உனக்கு ஆறு வயதானபோது தெற்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளி. பெயர் வேண்டாம், இன்றைக்கு அது இல்லை. நான்கு சின்ன விமானங்கள், அவற்றை நிறுத்திவைக்க ஒரு ஹேங்கர், பழுது பார்க்க நானும் இரண்டு பையன்களும். வேலை முடிந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமம் என்னிடம் இருந்தது. ஊழியர்களும் வருடத்தில் சில மணி நேரம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். உன்னை சிதம்பரத்தில் அப்பாவிடம் விட்டுவிட்டு, ஒன்பது வருடம், மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து போனேன்.

உனக்குப் பத்து வயதில் தெற்கு சன்னதி அருகே சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஹேங்கருக்குப் போன் செய்தார். இன்ஜின் ஓட்டிப் பார்க்கிற வேலை இருக்கிறது, முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றேன். வேலை மதியமே முடிந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் எனக்கு ஒரு பயிற்சிப் பறப்பு இருந்தது. அதையும் முடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். மறுநாள் நான் வந்தபோது நீ கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். ஏழு தையல் என்று அப்பாதான் சொன்னார். நீ காட்டவே இல்லை. தையல் போட்ட அன்று வராதவள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று நீ எப்படியடா நம்பினாய்? நம்ப ஆசைப்பட்டிருப்பாய். அந்த ஆசையை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்து போய் மோட்டார் போட்டேன். மேலே தொட்டி நிறைந்துதான் இருந்தது, தண்ணீர் வழிந்த பிறகுதான் கவனித்தேன். உட்கார முடியவில்லை. ஆனாலும் உட்கார்கிறேன்.

நான் பறக்கக் கற்றுக்கொண்டது கேப்டன் ராகவனிடம். அதிகம் பேசாத மனிதர். எனக்கு நாற்பத்திரண்டு வயது நடந்தபோது, தனியாகப் பறக்க நான் தயார் என்று எழுதிவிட்டார். ஆனால் ஒரு மாதமாக வானம் சரியில்லை. ஒரு நாள் காற்று, ஒரு நாள் மூட்டம். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பது, பல் விளக்கும்போது பார்ப்பது, சாப்பிடும்போது தட்டோடு வெளியே வந்து பார்ப்பது என்று பைத்தியம் பிடித்தவள் போல இருந்தேன். அன்றைக்கு விமானத்தின் அடிவயிற்றில் இருக்கிற பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். சின்னக் கிண்ணம் போல இருக்கும். கழுவித் திரும்ப மாட்டி, திருகை இறுக்கி, அது அதிர்வில் தானாகக் கழன்றுவிடாதபடி ஒரு மெல்லிய கம்பியை ஓட்டைகளில் கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று நிமிஷ வேலை. கிண்ணத்தை மாட்டிவிட்டேன், திருகை இறுக்கிவிட்டேன். கம்பிச் சுருளை எடுக்கக் கையை நீட்டினேன். அப்போது கேப்டன் ஹேங்கர் வாசலில் வந்து நின்றார்.

"மேகம் வந்துக்கிட்டிருக்கு. இப்ப போனாத்தான் உண்டு. இந்த ஏரோப்ளேன் வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சிடுச்சு சார்" என்றேன்.

வந்து கட்டிக்கொள்ளலாம், ஒரே ஒரு சுற்றுத்தானே, இவ்வளவு இறுக்கியிருக்கிறோமே என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

பக்கத்து இருக்கையில் கேப்டனின் எடை இல்லாததால், நான் எதிர்பார்த்ததற்கு முன்பே விமானம் தரையை விட்டது. ஆறு நிமிஷம், இளங்கோ. ஏறி, இடது பக்கம் திரும்பி, மறுபடி திரும்பி, நீளவாக்கில் வந்து, இறங்க வேண்டும், அவ்வளவுதான். கீழே ஒரு ஏரி, ஒரு செங்கல் சூளை, ரோட்டில் ஒரு லாரி. என் கை அசைந்தால் அசைந்தது, நின்றால் நின்றது. உண்மையைச் சொல்வது என்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு நிமிஷத்தில் நான் உன்னை நினைக்கவே இல்லை. அப்பாவையும் நினைக்கவில்லை. அதற்கு முன்போ பிறகோ நான் அவ்வளவு முழுசாக எங்கேயும் இருந்ததில்லை. இறங்கியதும் பையன்கள் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். முதன்முதலாகத் தனியாகப் பறந்தவர்களுக்கு அப்படி ஊற்றுவது வழக்கம். மழையும் பிடித்துக்கொண்டது. லட்டு கொடுத்தார்கள். ஈர உடுப்போடு உட்கார்ந்து, அன்றைய வேலைத்தாளில் இருந்த எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். கம்பி கட்டியாயிற்று என்கிற கட்டமும் அதில் இருந்தது. அதில் போட்ட கையெழுத்துத்தான் என் கையெழுத்துகளிலேயே அழகானது. விசாரணையில் காட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் பாஸ்கர் என்கிற மாணவன் அதே விமானத்தை எடுத்தான். பத்தொன்பது வயது. தனியாகத்தான் போனான். ஹேங்கரில் இருந்த எங்களுக்கு விபத்தின் சத்தம் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் நின்றதுதான் கேட்டது. ரன்வேயைத் தாண்டி ஒரு மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே இறக்கியிருந்தான். நன்றாகத்தான் இறக்கியிருந்தான். கடைசியில் ஒரு வரப்பு குறுக்கே வந்துவிட்டது. ஜீப்பில் முதலில் போய்ச் சேர்ந்தவள் நான். கதவை நெம்பித் திறந்து அவனை வெளியே இழுத்தேன். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. "மேடம், நான் ஒண்ணும் பண்ணல மேடம், தானா நின்னுடுச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனை ஏற்றி அனுப்பிவிட்டு நான் குனிந்து விமானத்தின் அடியில் பார்த்தேன். பெட்ரோல் நாற்றம். வடிகட்டிக் கிண்ணம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி கோக்க வேண்டிய ஓட்டைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி நிர்வாகி வந்து பார்த்துவிட்டு, "மோதின வேகத்துல கழண்டிருக்கும். பையன் பதட்டத்துல பெட்ரோல் வால்வ மூடியிருப்பான்" என்றார். அப்படியே முதல் அறிக்கையும் எழுதினார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். விபத்து நடந்த நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராண்டாவில் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்கதானாம்மா எம் புள்ளயத் தூக்கினது? எந்த ஊரும்மா ஒங்களுக்கு?"

"குறிஞ்சிப்பாடிங்க."

"அட, நாங்க மேல்பட்டாம்பாக்கம். நம்ம பக்கத்துப் பொண்ணுதான் ஓடியாந்து தூக்கியிருக்கு." அவர் குரல் இறங்கியது. "எதையோ தப்பாத் தொட்டுட்டானாம்மா. ஒங்க ஏரோப்ளேன ஒடச்சிட்டான். சின்னப் பய, மன்னிச்சிக்குங்க."

அவர் என்னைக் கும்பிட்டார், இளங்கோ. கும்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். பரவாயில்லைங்க என்றேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு பஸ் ஏறி ஹேங்கருக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகும் ஐந்து நாள் பேசாமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் வேறொரு விமானத்தின் வேலைத்தாள் என் முன்னால் வந்தது. வேலையை நான் சரியாகச் செய்திருந்தேன், மூன்று முறை பார்த்திருந்தேன். ஆனால் பேனாவை வைத்தால் நகரவில்லை. பாதி நாள் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கேப்டன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முடிஞ்சிடுச்சுன்னு சொன்னியேம்மா" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது. பாஸ்கர்மேல் தப்பில்லை என்று மாற்றி எழுதினார்கள். என் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். ஒரு வருடம்தான். அதன்பிறகு பரீட்சை எழுதி நான் திரும்பிப் போயிருக்கலாம். பறக்கவும் போயிருக்கலாம், அதை யாரும் தடுக்கவில்லை. நான் போகவில்லை.

சிதம்பரம் ஸ்டேஷனில் நீயும் அப்பாவும் வந்து நின்றீர்கள். பக்கத்தில் யாரையோ வழியனுப்ப வந்திருந்த பண்ருட்டி அத்தை, "என்ன அண்ணி, பெட்டி ஜாஸ்தியா இருக்கு, லீவா?" என்று கேட்டாள். "பையன் பத்தாவது. கூட இருக்கணும்ல, அதான் வேலைய வுட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. நீ என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒன்பது வருடமாக ஸ்டேஷனில் நான் பார்த்திராத முகம் அது. அதற்குப் பிறகு என்னால் வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்று நீ ஆட்டோவில் என் பக்கத்தில், என்னை ஒட்டி உட்கார்ந்து வந்தாய்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. உனக்குப் பதினேழு வயதில் கொச்சிக்குப் போய்ப் படிக்கிறேன் என்றாய். இடமும் கிடைத்தது. எனக்கு அந்தச் சமயம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பம்பும் கம்ப்ரசரும் பார்க்கிற வேலை, தினமும் கடலூருக்கு பஸ், திரும்பி வந்தால் மொட்டை மாடி. தலைக்கு மேல் ஏதாவது சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவேன். கெடாத மிக்ஸியைக் கழற்றி மாட்டுவேன். அந்த எரிச்சலில் உன்னிடம் சொன்னேன், "ஒனக்காகத்தான் எல்லாத்தையும் வுட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கேன், நீ பாட்டுக்குப் போறேங்கிற?" என்று. அடுத்த வாரம் பரங்கிப்பேட்டையிலேயே கடல் உயிரியல் படிப்பில் சேர்ந்துவிட்டாய். அப்பா அந்தத் தடவை மட்டும் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், "அவங்கிட்ட சொல்லிடு" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவருக்குச் செய்து கொடுத்த அந்த வாக்கு மூன்று வருடமாக அப்படியே கிடக்கிறது.

ஒன்று கவனித்திருப்பாய். கடலூரிலிருந்து பண்ருட்டி அத்தை வீட்டுக்குப் போக, நெல்லிக்குப்பம் வழியாக நேராகப் போகாமல், குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று சுற்றிக்கொண்டு போவேன். "அந்த ரோடு மோசம்" என்பேன். ரோடு மோசமில்லை. வழியில் மேல்பட்டாம்பாக்கம் வரும். அதுதான் காரணம்.

வியாழக்கிழமை நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவனைப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது. மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி ஒரு டீக்கடையில் கேட்டேன். "ட்ரோன் பாஸ்கரா? மருந்து அடிக்கப் போயிருக்காரு" என்று ஒரு கரும்புத் தோட்டத்துக்கு வழி சொன்னார்கள். போனேன். கரும்புக்கு மேலே ட்ரோன் மருந்து தெளித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வரப்பில் நின்று அதை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், முன்தலையில் வழுக்கை. என்னைப் பார்த்தான். ட்ரோனை நிதானமாக இறக்கி, நிறுத்திவிட்டு, ஒரு காலை இழுத்து வைத்து நடந்து வந்தான்.

"மேடம்" என்றான். பதினைந்து வருடம் கழித்து, பார்த்தவுடனே.

நான் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்ததையெல்லாம் சொன்னேன். வேலை முடிந்துவிட்டது என்று சொன்னது, கையெழுத்து, எல்லாம். அவன் ட்ரோனின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னான்.

"அதெல்லாம் தெரியும் மேடம். ரிப்போர்ட் வந்துதே. இடுப்பு ஒடஞ்சது கூட வுடுங்க. அந்த ஒம்போது நாளுதான். எங்கப்பா எங்கிட்ட வந்து வந்து கேட்டாரு, 'எதடா தொட்ட, எதடா தொட்ட'ன்னு. நான் ஒண்ணும் தொடலன்னு சொல்றேன், நம்பல. அப்பறம் ரிப்போர்ட்டக் காட்டுனேன். படிச்சாரு. ஆனா சாவுற வரைக்கும் எங்கயாவது நான் வண்டி எடுத்தா, 'பாத்துத் தொடுடா'ம்பாரு. ரெண்டாம் நாளே நீங்க சொல்லியிருந்தா அந்தப் பேச்சு வந்திருக்காது."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்காகப் போனேனா என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை. அவனுக்கு இடுப்பில் பிளேட் வைத்ததால் மருத்துவச் சோதனையில் தேறவில்லை, பைலட் படிப்பு அதோடு போயிற்று. கொஞ்ச நாள் சும்மா இருந்தானாம், பிறகு ட்ரோன் வந்ததும் இதைப் பிடித்துக்கொண்டானாம். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருக்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிமிர்ந்து, "நீங்க அப்பறம் பறந்தீங்களா மேடம்?" என்று கேட்டான்.

"இல்லப்பா. வுட்டுட்டேன்."

"லைசென்ஸ் புடுங்கிட்டாங்களா?"

"ஒரு வருஷம்தான். அப்பறம் நானே போகல. பையன் படிப்பு, அது இதுன்னு..."

அவன் கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைத்தான். கோபம் வந்தது அப்போதுதான். "நான் பறக்க முடியாமப் போனது ஒங்களால மேடம். சரி. நீங்க பறக்காதது யாரால? அதையும் எங்கணக்குல எழுதாதீங்க. ஒங்க பையன் கணக்குலயும் எழுதாதீங்க."

தோட்டக்காரர் அங்கிருந்து குரல் கொடுத்தார். அவன் வேறு பேட்டரியைப் பொருத்தி, நான்கு இறக்கையையும் ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு ட்ரோனை மேலே ஏற்றினான். நான் கிளம்பி ரோட்டுக்கு வந்தேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. நெல்லிக்குப்பம் வரைக்கும் நடந்தே போய்விட்டேன்.

அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பயம். விமானம் விழுந்துவிடும் என்கிற பயம் இல்லை. மறுபடி அந்தச் சந்தோஷம் வந்தால் நான் மறுபடி எதையாவது கட்ட மறந்துவிடுவேன் என்கிற பயம். என் ஆசையைப் பார்த்து எனக்கே வந்த பயம் அது. அதை ஒப்புக்கொள்வதைவிட மகனுக்காக விட்டேன் என்பது சுலபமாக இருந்தது. கேட்கிறவர்களும் கண்ணில் தண்ணீர் விட்டார்கள். உனக்கு அறிவுரை சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் இந்த ஒன்றைப் பட்டுத் தெரிந்துகொண்டேன், சொல்கிறேன். நீ எதையாவது விட்டுவிடுவதானால் உன் காரணத்துக்காக விடு. நார்வே குளிர் பிடிக்கவில்லையா, விடு. அந்த வேலை உனக்குச் சரிவராது என்று தோன்றுகிறதா, விடு. போகப் பயமாக இருக்கிறதா, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விடு. அம்மாவுக்காக என்று மட்டும் எழுதாதே. நாற்பது வயதில் நீ அதை என்னிடம் ஒரு நாள் சொல்லிக்காட்டுவாய். நல்ல பிள்ளை நீ, வாயால் சொல்ல மாட்டாய். மிக்ஸியைக் கழற்றுவாய்.

வெள்ளிக்கிழமை காலையில் கேப்டன் ராகவனுக்குப் போன் செய்தேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, இப்போதும் வெளியூரில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். "எங்க இருக்க?" என்றார், நேற்றுப் பேசியவர் மாதிரி. ஹேங்கரில் ஏதாவது வேலை கிடைக்குமா என்றேன். உரிமமெல்லாம் காலாவதியாகிவிட்டது, கையெழுத்துப் போடுகிற வேலை வேண்டாம், கழுவ, கழற்ற, மாட்ட என்றேன். "ஆள் இல்லாம தவிக்கிறாங்க. ஆனா ஒண்ணு, அவுங்ககிட்ட நடந்ததச் சொல்லணும்" என்றார். சொல்லுகிறேன் என்றேன்.

சனிக்கிழமை, அதாவது இன்று மதியம், அங்கிருந்து ஒரு பெண் பேசினாள். அந்த ஹேங்கரில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். இருபத்தாறு வயதாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது நாளையும் சேர்த்து. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "நீங்க முடிச்ச வேலைய நானும் ஒரு தரம் பாப்பேன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "பாக்கலன்னாதான் தப்பா எடுத்துப்பேன்" என்றேன். சிரித்தாள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். பறக்க விடுவார்களா என்று நான் கேட்கவில்லை. மருத்துவச் சோதனையில் தேறுவேனா என்றும் தெரியாது, ரத்த அழுத்தம் உனக்குத் தெரிந்ததுதான். கேப்டன் கேட்டார், "பக்கத்து சீட்ல ஒக்காந்து ஒரு தரம் வர்றியா?" என்று. முதல் மாதம் வேலை பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன் சார் என்றேன். இந்தத் தடவை உண்மையிலேயே வேலையை முடித்துவிட்டுத்தான்.

நீ இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவாய். படு. பேசாமல் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாதே, கத்து. ஸ்டேஷனில் உனக்குக் கிடைத்த அந்த அம்மாவை நான் இப்போது உன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியும். அவளுக்குப் பதிலாக இவள்தான் இருக்கிறாள். நல்லவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோவில் நீ ஒட்டி உட்கார்ந்த அந்தச் சாயங்காலத்திலிருந்து இன்றுவரை, உன்னோடு இருந்த நாட்களில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. அதில் பொய் இல்லை. வந்த காரணம்தான் பொய்.

திங்கட்கிழமை நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். அடுத்த மாதத்திலிருந்து நான் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள நீ சிதம்பரத்தில் தங்கினால், வெறும் வீட்டைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அம்மா